கயிற்றுக்கு ஆன செலவு

கொல்கத்தாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் நான் சைட் எஞ்சினியராக இருந்தேன். ஒரு நாள் காலை, ஒரு வரைபடத்தை வாங்கிவர இன்னொரு சைட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நான் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தபோது மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து ஒரு ஆள் விழுந்தார்.

சத்தம் பெரிதாக இல்லை. லாரியிலிருந்து சிமெண்ட் மூட்டையை இறக்கிப் போட்டால் கேட்குமே, அவ்வளவுதான். நான்கு பேர் ஓடிவந்து அவரை ஒரு பலகையில் கிடத்தி வண்டியில் ஏற்றினார்கள். நான் அந்த சைட் மேனேஜர் அறையில் வரைபடத்துக்காகக் காத்திருந்து, கொடுத்த டீயைக் குடிக்காமல் வெளியே வந்தபோது கீழே தண்ணீர் ஊற்றிக் கழுவி மணல் தூவியிருந்தார்கள். அதே சாரத்தில் வேறு ஒருவர் நின்று பூசிக்கொண்டிருந்தார். காலில் ரப்பர் செருப்பு. இடுப்பில் ஒன்றும் இல்லை.

மேனேஜரிடம் திரும்பிப் போய்க் கேட்டேன். "பெல்ட் எங்கே?"

"ரேட்டில் அதற்கு இடமில்லை மேடம். எஸ்டிமேட்டில் போட்டிருந்தோம். கிளையன்ட் அந்த வரியை அடித்துவிட்டார்."

அவர் கெட்டவர் இல்லை. மழை வரும், குடை எடுத்துப் போங்கள் என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். விழுந்தவர் பிழைத்தார், ஆனால் மறுபடி நடக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்றைக்கே ராஜினாமாவை எழுதி மேஜையில் எறிந்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. ஃபிளாட்டுக்கு வாங்கிய கடன் இருந்தது. மகள் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். மழைக்காலம் முடியும்வரை அதே கம்பெனிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அண்ணாந்து பார்க்காமல் ஒரு சாரத்தைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. துர்கா பூஜை விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த அன்று காகிதத்தைக் கொடுத்தேன்.

என் கணவர் பேங்க் ஆபீசர். கடன் பிரிவில் இருக்கிறார். நான் சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுக்கப் போகிறேன் என்றதும் அவர் கையிலிருந்த தோசைத் துண்டைத் தட்டில் வைத்துவிட்டார்.

"தினமும் பாக்கிறேன்மா. மூழ்குற கடன்ல பாதி சின்ன கான்ட்ராக்டர் வாங்கினதா இருக்கும். நீ என் பிராஞ்சுக்கு வந்தா உனக்கு நானே லோன் குடுக்க மாட்டேன்."

"உங்க பிராஞ்சுக்கு நான் வரவே மாட்டேன்."

"பிடிவாதம் பிடிக்காதே. எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டியா?"

போட்டிருந்தேன். டிரேட் லைசென்ஸ், ஜிஎஸ்டி, கரண்ட் அக்கவுண்ட், ஒரு கலவை மெஷின், சாரத்துக்கு மூங்கில் வாடகை, ஆட்களுக்கு முன்பணம், வேலை முடிந்து பில் கைக்கு வரும்வரை சாப்பாட்டுக்கு. இவையெல்லாம் கணக்கில் வந்தன. வராதவை பிறகு வந்தன.

என் வளையல்களை கரியாஹாட்டில் ஒரு நகைக்கடையில் விற்றேன். அடகு வைக்கவில்லை, விற்றேன். அடகு வைத்தால் தினமும் அதை மீட்பதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பேன் என்று எனக்குத் தெரியும். கடைக்காரர் எடை போட்டுவிட்டு, "மகளுக்குக் கல்யாணமா? புது டிசைன் காட்டட்டுமா?" என்று கேட்டார். கலவை மெஷின் வாங்கப் போகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

செகண்ட் ஹாண்டில் ஒரு மெஷின் கிடைத்தது. அதை நிறுத்த இடமில்லை. லேக் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் அப்பா நடத்திய மளிகைக் கடையை இப்போது என் தம்பி நடத்துகிறான். அரிசி அப்பளம், காபிப்பொடி, பெருங்காயம், பண்டிகைக்கு முறுக்கு. கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதில் மெஷினை நிறுத்தினேன். ஒரே வாரத்தில் தம்பி போன் செய்தான். "அக்கா, ஒரு கஸ்டமர் அப்பளத்துல சிமெண்ட் வாசனை அடிக்குதுன்னு சொல்றாங்க."

"பொரிச்சா போயிடும்னு சொல்லு" என்றேன்.

ஆரம்பத்தில் வந்ததெல்லாம் சின்ன வேலைகள். குளியலறை ஒழுகல், மொட்டை மாடி விரிசல், சமையலறைக்கு டைல்ஸ். யாரும் உயரத்தில் ஏற வேண்டியதில்லாத வேலைகள். கையைக் கடிக்காமல் போயின. அடுத்த நவராத்திரிக்கு ஒரு வீட்டில் கொலு பார்க்கப் போயிருந்தேன். சுண்டல் கொடுத்த மாமி என் நகங்களைப் பார்த்தார். ஓரத்தில் சிமெண்ட் பிடித்திருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

"உங்காத்துக்காரர் பேங்க்லதானே இருக்கார்? அப்புறம் எதுக்கு இந்த மண்ணு வேலை?" என்று கேட்டார். உண்மையான கவலையோடுதான் கேட்டார். நான் இரண்டாவது முறை சுண்டல் வாங்கிக்கொண்டு, "எனக்குப் பிடிச்சிருக்கு மாமி" என்றேன். அடுத்த வருடம் அந்த வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை.

பெரிய வேலை என்று முதலில் வாசல்வரை வந்தது லேக் கார்டன்ஸில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. நான்கு மாடி. பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். பேங்கிலும் அரசாங்கத்திலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள். வெளிச்சுவர் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிந்தது. சுவரைக் கொத்திப் பூசி, பெயிண்ட் அடிக்க வேண்டும். தமிழ்ப் பெண் ஒருத்தி கான்ட்ராக்ட் எடுக்கிறாளாமே என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

கமிட்டி செயலாளர் ஒரு மாமா. அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்தவர். மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு என் எஸ்டிமேட்டை வரி வரியாகப் படித்தார். கடைசி வரியில் பேனா நின்றது. உயரத்தில் வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்பு: பெல்ட், கயிறு, ஹெல்மெட், வலை, இன்ஷூரன்ஸ். எதிரில் தொகை. பெரிய தொகைதான். இல்லையென்று சொல்லவில்லை.

"இது என்னம்மா?"

சொன்னேன்.

"இந்தக் கட்டடத்தைக் கட்டினப்போ யாரு பெல்ட் போட்டா? மூணு தடவை பெயிண்ட் அடிச்சாச்சு. மூங்கில்ல குரங்கு மாதிரி ஏறுவா அவாள்லாம். அவாளுக்கு இது தேவையே இல்லை. இந்த ஒரு வரியை எடுத்துடு, வேலை உனக்குத்தான். நம்ம மனுஷா ஒருத்தி பண்றான்னு எங்களுக்கும் பெருமை."

அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் எனக்குக் காபியை நகர்த்தி வைத்தார். எனக்கு அந்த வேலை வேண்டும். எவ்வளவு வேண்டும் என்றால், காலையில் கிளம்பும்போதே அதில் வரும் பணத்தை எந்தெந்தக் கடனுக்குக் கட்டலாம் என்று மனதுக்குள் பிரித்து வைத்திருந்தேன்.

"மாமா, அந்த வரியை அடிக்கிறதா இருந்தா, கீழே என் கையெழுத்து இருக்கு பாருங்க, அதையும் சேர்த்து அடிச்சுடுங்க."

அவர் நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"இவ்வளவு ரோஷம் வச்சுண்டு பிசினஸ் பண்ண முடியாதும்மா."

"பாக்கலாம் மாமா" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்து முடித்தேன். நல்ல காபி. வீணாக்க மனசில்லை.

வேலை வேறொருவருக்குப் போயிற்று. ஒன்றரை மாதத்துக்குள் முடித்தும் விட்டார்கள். நான் அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பேன். பெல்ட் இல்லை, வலை இல்லை. ஒருவரும் விழவில்லை. ஒரு கீறல்கூட இல்லாமல் வேலை முடிந்தது. அதை நான் மறைத்துச் சொல்லப் போவதில்லை. சாரத்தைப் பிரித்த வாரம் மாமா என்னைக் காய்கறிக் கடையில் பார்த்தார்.

"பார்த்தியோ? ஒண்ணும் ஆகலே."

"ரொம்ப சந்தோஷம் மாமா" என்றேன். நிஜமாகவே சந்தோஷம்தான். அதே சமயம், கையிலிருந்த முள்ளங்கியை அங்கேயே ஒடித்துப் போடலாம் போலவும் இருந்தது. யாராவது விழுந்தால்தான் நான் சொன்னது சரியாகும் என்றால், நான் சரியாகவே இருக்க வேண்டாம். விழாத நாளிலும் கயிறு கட்ட வேண்டும் என்பதுதான் நான் சொல்வது. அதைக் காய்கறிக் கடையில் நின்று விளக்க முடியாது.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு இடங்களில் அதே வரி. அதே பேனா. இரண்டு இடத்திலும் எழுந்து வந்தேன். வீட்டுத் தவணையை முழுக்க என் கணவர் சம்பளத்தில் கட்டினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"வரியைத் தனியாக் காட்டாம வேற எதுலயாவது சேர்த்துப் போட்டுடேன். பூச்சு ரேட்ல கொஞ்சம், பெயிண்ட் ரேட்ல கொஞ்சம். யாருக்குத் தெரியப் போகுது?"

நல்ல யோசனைதான். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு மனிதன் விழாமல் இருப்பதற்கு ஆகும் செலவை நான் ஏன் பெயிண்ட் டப்பாவுக்குள் ஒளித்து வைக்க வேண்டும்? அவர்கள் அதைப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லட்டும். வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லவாவது செய்யட்டும்.

இதைச் சொன்னபோது குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. மகள் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். அவர் எழுந்து போய் இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்தார்.

ஜாதவ்பூரில் கல்லூரிப் பெண்கள் தங்கும் ஒரு மெஸ் இருந்தது. மூன்று மாடிப் பழைய வீடு. நடத்தியவர் அறுபதைத் தாண்டிய ஒரு வங்காளி அம்மா. மாஷிமா, அதாவது சித்தி, என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். தெருப்பக்கம் சுவரின் மேல்விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த கார்னிஸ் உடைந்து துண்டு துண்டாக விழுந்துகொண்டிருந்தது. மாநகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்திருந்தது. தம்பி கடையில் அப்பளம் வாங்க வந்த ஒரு பேராசிரியை மூலமாக என் நம்பர் அவரிடம் போயிருக்கிறது.

என் வாழ்க்கையில் நான் பார்த்த பேரம் பேசுபவர்களில் மாஷிமாவுக்குத்தான் முதலிடம். சிமெண்ட் மூட்டை கணக்கில் இரண்டைக் குறைத்தார். வெளிச்சுவர் பெயிண்டில் பின்பக்கச் சுவரை எடுத்தார். "பின்னால் யார் பார்க்கிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரன். அவன் பார்க்க நான் ஏன் பெயிண்ட் அடிக்க வேண்டும்?" ஆட்களுக்கு டீயை ஒரு வேளையாக்கினார். கடைசி வரிக்கு வந்தார்.

"இது என்ன, சர்க்கஸா?"

"இல்லை மாஷிமா. இது இல்லாமல் என் ஆட்கள் ஏற மாட்டார்கள்."

"ஏற மாட்டார்களா, நீ ஏற்ற மாட்டாயா?"

"நான் ஏற்ற மாட்டேன்."

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"அப்படியானால் இந்த வரி இருக்கட்டும். இதற்கு மேலே ஒன்று இருக்கிறதே, கான்ட்ராக்டர் லாபம். அதை அடித்துவிடுகிறேன். உனக்குக் கயிறு வேண்டுமென்றால் நீ வாங்கிக்கொள்."

ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சரி என்றேன். படி இறங்கும்போதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. ஆனால் தெருவுக்கு வந்ததும் சிரிப்பு வந்தது. அந்த வரி முதன்முறையாக அடிபடாமல் ஒரு காகிதத்தில் நின்றது. லாபமில்லாத வேலை என்பதை என் கணவரிடம் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "பேங்க்காரன் பொண்டாட்டி!" என்றார். அவ்வளவுதான்.

மொத்தக் கடைகள் உள்ள புர்ராபஜாருக்குப் போய் பெல்ட் வாங்கினேன். இடுப்பில் மட்டும் கட்டுவது அல்ல. தோள், மார்பு, தொடை என்று உடம்பு முழுக்கப் பிடிக்கும் வகை. நல்ல கயிறு, கொக்கிகள். வலை. எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சைட்டுக்குப் போனால், தலைமைக் கொத்தனாரான மிஸ்திரி பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

மிஸ்திரி முர்ஷிதாபாத்காரர். கொத்தனார்களில் கை தேர்ந்தவர். அவர் கொண்டுவந்த ஆட்கள் அவர் சொன்னால் மட்டுமே கேட்பார்கள். என்னைத் தீதி, அதாவது அக்கா, என்பார்.

"தீதி, சின்ன வயதிலிருந்து மூங்கிலில் ஏறுகிறேன். என்னைக் கட்டிப் போடாதீர்கள். ஆட்டைக் கட்டுகிற மாதிரி இருக்கிறது. எங்கள் ஊர்ப் பையன்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள், பார்த்தால் சிரிப்பார்கள்."

"சிரிக்கட்டும்."

"இது காலை இடறும். கயிறு தடுக்கித்தான் விழுவோம். அறுந்துபோனால்? இந்த நூலை நம்பி நான் கையை விடுவேன், அது அறுந்துவிடும். இப்போது கையை விடவே மாட்டேன், அதனால் விழவே மாட்டேன்."

இந்த வாதம் எனக்கு உண்மையிலேயே பிடித்தது. ஆனாலும் விடவில்லை. அன்று முழுக்கப் பேசினேன். மறுநாளும் பேசினேன். வேலை நின்றது, கூலி ஓடியது. மேலே ஜன்னலிலிருந்து மாஷிமா, "என்ன, இன்னும் மீட்டிங்கா?" என்று கேட்டார். கமிட்டி அறையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் நான் தோற்கவில்லை. இப்போது யாருக்காகச் சண்டை போட்டேனோ அவர்களே வேண்டாம் என்கிறார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. நான் சல்வாரின் துப்பட்டாவைக் கழற்றி மிஸ்திரியின் உதவியாள் கையில் கொடுத்தேன். மொட்டை மாடிக்குப் போய், படிக்கட்டு அறையின் கான்கிரீட் தூணில் கயிற்றை நானே கட்டினேன். இரண்டாவது கயிறு ஒன்றையும் தனியாகக் கட்டினேன். விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் சாக்கை மடித்து வைத்தேன். பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கொக்கிகளை இழுத்து இழுத்துப் பார்த்தேன். பிறகு கீழே வந்து சாரத்தில் ஏறினேன்.

எனக்கு அப்போது நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. எடையும் குறைவில்லை. மூங்கில் என் காலடியில் முனகியது. தெருமுனை கிளப்பில் கேரம் விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் விளையாட்டை நிறுத்தினார்கள். மெஸ் பெண்கள் ஜன்னல் ஜன்னலாக வந்தார்கள். மிஸ்திரி கீழிருந்து, "தீதி, இறங்குங்கள், தீதி, நான் போட்டுக்கொள்கிறேன், இறங்குங்கள்!" என்று கத்தினார். அப்போது இறங்கியிருக்கலாம். ஆனால் பயத்தில் போட்டுக்கொள்வதை மறுநாள் கழற்றிவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது மாடி உயரத்தில் நின்று, மேலிருந்து தொங்கிய இரண்டு கயிறுகளையும் தளர்வில்லாமல் பெல்ட்டில் மாட்டினேன். கீழே பார்த்தேன். கயிறு எவ்வளவு எடை தாங்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கட்டியது நான். இருந்தும் விரல்கள் மூங்கிலை விட மறுத்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்த மாதிரி ஞாபகம். பிறகு பின்னால் சாய்ந்து இரண்டு கால்களையும் எடுத்துவிட்டேன்.

ஒரு முழம்கூடக் கீழே போயிருக்க மாட்டேன். பெல்ட் தொடையில் பிடித்து இழுத்தது. தொங்கினேன். மெதுவாகத் தெருவைப் பார்க்கத் திரும்பினேன், சுவரைப் பார்க்கத் திரும்பினேன், மறுபடி தெரு. அப்போதுதான், கேட்டுக்குப் பக்கத்தில் என் கணவர் நிற்பதைப் பார்த்தேன். மாதத்தின் இரண்டாவது சனி, பேங்க் விடுமுறை. நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்திருக்கிறார். டப்பாவை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்.

"என்னைத் தாங்குகிறதென்றால் உங்கள் எல்லாரையும் தாங்கும்!" என்று வங்க மொழியில் கத்தினேன். கிளப் பையன்களில் ஒருவன் விசிலடித்தான். மாஷிமா ஜன்னலிலிருந்து, "போதும், இறங்கு, என் வீட்டில் செத்து வைக்காதே!" என்றார்.

மிஸ்திரியே ஏறி வந்து என்னை மூங்கில் பக்கம் இழுத்து நிறுத்தினார். அவர் முகம் வெளுத்திருந்தது. இறங்கியதும் பெல்ட்டை என் உடம்பிலிருந்து வாங்கி, தானே மாட்டிக்கொண்டார். எந்தக் கொக்கி எங்கே என்று தெரியாமல் தடுமாறினார். சொல்லிக்கொடுத்தேன்.

என் கணவர் டப்பாவை நீட்டினார். "சாப்பிடு. ஆறிப் போயிருக்கும்."

மூடி என் விரலுக்குப் பிடிபடவில்லை. அவர்தான் திறந்து கொடுத்தார். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திய பிறகுதான் சொன்னார்.

"எங்கிட்ட சொல்லிட்டுத் தொங்கியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்." டப்பாவைக் கழுவப் போட்டுவிட்டு, "ஆனா கயிறைப் பிடிச்சுக்கவாவது வந்திருப்பேன்" என்றார். அப்போதுதான் நான் அழுதேன். அதுவரை அழவில்லை.

மெஸ் பெண்களில் யாரோ எடுத்த வீடியோ அன்று மாலைக்குள் ஜாதவ்பூரைச் சுற்றி வந்துவிட்டது. மகள் போனை நீட்டிக்கொண்டு, "துமி வைரல் ஹொயே கேச்சோ, அம்மா!" என்று குதித்தாள், நீ வைரலாகிவிட்டாய் என்று. அவளுக்கு உற்சாகம் வந்தால் தமிழ் மறந்துவிடும். அங்கிருந்து தமிழர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போயிற்று. அங்கே யாரும் குதிக்கவில்லை. என் மாமனார் வீட்டிலிருந்து, மதுரையிலிருந்து போன் வந்தது. மகன் சம்பாத்தியம் போதாமல் மருமகள் கட்டடத்தில் தொங்குகிறாளா என்று கேட்டார்கள். அந்தப் போனை என் கணவரே எடுத்தார். பால்கனிக்குப் போய்ப் பேசினார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "பெல்ட் ரொம்ப நல்ல பெல்ட்டுன்னு சொன்னேன்" என்றார்.

கமிட்டி மாமாவும் கூப்பிட்டார்.

"ஏம்மா, நடுத்தெருவுல இப்படியா? நம்ம மனுஷாளைப் பத்தி இங்கே இருக்கறவா என்ன நினைப்பா?"

"விழ மாட்டோம்னு நினைப்பாங்க மாமா."

போனை வைத்துவிட்டார். பல நாள் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மாஷிமா வீட்டு வேலை நன்றாக முடிந்தது. கார்னிஸை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாக வார்த்தோம். கடைசிப் பணத்தை மாஷிமா சொன்ன தேதியில், எண்ணி, ஒரு ரூபாய் குறையாமல், ஒரு ரூபாய் கூடாமல் கொடுத்தார். லாபம் என்று ஒன்று இல்லை என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். மழையில் இரண்டு நாள் போனதில் கையிலிருந்தும் கொஞ்சம் போயிற்று. முதல் வருடம் நஷ்டத்தில் முடிந்தது. இரண்டாவது வருடமும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் மாஷிமா தன் நாத்தனார் வீட்டுக்கு என்னை அனுப்பினார். அங்கிருந்து ஒரு நர்சரிப் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துக்காரர்கள் என் கடைசி வரியைப் படித்துவிட்டு, அதை அடிக்காமல், விளையாட்டு மைதானத்தின் பக்கம் இன்னொரு வலை போட முடியுமா என்று கேட்டார்கள். போடலாம் என்று அங்கேயே அளவெடுத்தேன்.

இப்போதும் பத்துப் பேரில் ஆறு பேர் அந்த வரியில் பேனாவை வைக்கிறார்கள். நான் எழுந்து வருகிறேன். சீக்கிரம் எழுந்து வரப் பழகிவிட்டேன், நேரம் மிச்சமாகிறது. இந்த ஊரில் என்னைவிடக் குறைந்த ரேட்டில் வேலை செய்ய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். செய்யட்டும். கலவை மெஷினுக்கும் லைசென்ஸுக்கும் ஆனதை எப்படியோ திரும்ப எடுத்துவிட்டேன். எழுந்து வந்த வேலைகளில் போனதை எடுக்க முடியாது, எடுக்கவும் போவதில்லை. அது என் தொழிலுக்கு ஆகும் செலவு. சிமெண்ட் வாங்குவதைப் பற்றி யாரும் என்னிடம் நியாயம் கேட்பதில்லை. இதற்கும் கேட்க வேண்டாம்.

மிஸ்திரி போன வருடம் பூஜைக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. கூலி அதிகம் கொடுக்கும் வேறொரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கும் வீடு இருக்கிறது. கொட்டகையில் சாமான்களைச் சரிபார்த்தபோதுதான் இரண்டு பெல்ட்டையும் ஒரு சுருள் கயிற்றையும் சேர்த்துக் கொண்டுபோயிருப்பது தெரிந்தது. வந்த கோபத்துக்கு அளவில்லை. போன் செய்தேன். எடுக்கவில்லை.

போன மாதம் அவரே கூப்பிட்டார். பின்னால் கலவை மெஷின் ஓடும் சத்தம்.

"தீதி, ஒரு சந்தேகம். இங்கே மொட்டை மாடியில் பிளாஸ்டிக் டேங்க்தான் இருக்கிறது. கைப்பிடிச் சுவர் செங்கல், ஆடுகிறது. கயிற்றை எதில் கட்டுவது?"

"முதலில் என் பெல்ட்டைத் திருப்பிக் கொடு."

"அது இப்போது என் உடம்பில் இருக்கிறது, தீதி."

"அந்தக் கான்ட்ராக்டர் வாங்கித் தர மாட்டாரா?"

"கேட்டேன். சிரிக்கிறார்."

நான் சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தேன். திட்ட வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. கொஞ்சம் திட்டவும் செய்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரி தீதி, சரி தீதி, எதில் கட்டுவது?" என்றார்.

"படிக்கட்டு அறை இருக்கிறதா?"

"இருக்கிறது."

"தூண் கான்கிரீட்டா? தட்டிப் பார்."

தட்டும் சத்தம் கேட்டது. கான்கிரீட்தான் என்றார். எந்த உயரத்தில் கட்டுவது, எத்தனை சுற்று, விளிம்பில் என்ன வைப்பது, இரண்டாவது கயிற்றை எங்கே கட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கட்டி முடித்து இழுத்துப் பார்க்கும்வரை போனை வைக்க விடவில்லை. பிறகு பஸ் ஏறி, புர்ராபஜாருக்குப் போய், என் கொட்டகைக்கு இரண்டு புது பெல்ட் வாங்கிக்கொண்டு வந்தேன்.